நாலு பகோடா பார்த்தால் போதுமா?

அன்புள்ள ஐயா,

உங்கள் பர்மாக் கட்டுரைகளைப் படித்த தைரியத்தில் நானும் என் கணவரும் ஒரு குழுப் பயணத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். யாங்கோன், பகான், மண்டலே, இன்லே ஏரி. கூடவே ஒரு வழிகாட்டி வருவார். பயணத் திட்டத்தைப் பார்த்த என் கணவர், "முழுக்கப் பகோடாதான், பௌத்தக் கோயில்தான் இருக்கிறது. நாலு பார்த்தால் எல்லாம் பார்த்த மாதிரிதான்" என்கிறார். எனக்கு வேறு சந்தேகம். கொடி பிடித்தவர் பின்னால் நடந்து, அவர் ஒப்பிக்கும் வருஷங்களைக் கேட்டுவிட்டுத் திரும்புவதில் ஒரு நாட்டைப் பற்றி என்ன தெரிந்துவிடும்? நாங்கள் சைவம் வேறு. இந்தச் சமயத்தில் போவது சரிதானா என்றும் சொல்லுங்கள்.

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். நான் பார்த்தது 2021க்கு முந்தைய பர்மா. அந்த ஆண்டு பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அன்றிலிருந்து நாட்டின் பல பகுதிகளில் சண்டை. போதாக்குறைக்கு 2025 மார்ச் 28 அன்று 7.7 அளவில் ஒரு நிலநடுக்கம் மண்டலேயையும் சகாயிங்கையும் உலுக்கியது. ஐராவதி ஆற்றின் மேல் 1934இல் கட்டப்பட்ட ஆவா பாலம் விழுந்தது. மண்டலேயை அடுத்த பழைய தலைநகரான இன்வாவில் இருந்த பழைய செங்கல் மடாலயம் இடிந்தது. இன்லே ஏரியில் மூங்கில் கால்கள்மேல் நின்ற வீடுகளும் தப்பவில்லை. எனவே மண்டலேயில் எந்தெந்த இடம், ஊருக்கு ஊர் போவது விமானத்திலா சாலையிலா என்று பயண ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நம் வெளியுறவுத் துறையின் அறிவிப்பையும் பாருங்கள். மழுப்பலாகப் பதில் வந்தால் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டுவிடுங்கள்.

நாம் செலவழிக்கும் பணம் யார் கைக்குப் போகிறது என்று கேட்டு, போகவே கூடாது என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. குடும்பம் நடத்தும் விடுதி, டீக்கடை, படகுக்காரர், கைத்தறிக்காரர் என்று பணம் போய்ச்சேரும்படி உங்கள் பயணம் இருந்தால் போகலாம் என்பது என் கட்சி. பெரிய ஹோட்டலும் ஏசி பஸ்ஸும் மட்டும் என்றால் யோசியுங்கள்.

சரி, பகோடா. உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை. கட்டடமாக மட்டும் பார்த்தால் மூன்றாம் நாளே கொட்டாவி வரும். பகானில் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல் நிற்கின்றன, பெரும்பாலும் 11 முதல் 13ஆம் நூற்றாண்டுக்குள் எழுந்தவை. அத்தனையையும் யாராலும் பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம். திட்டத்தில் பாதியை அடித்துவிட்டு, மீதியில் ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

உதாரணத்துக்கு யாங்கோனின் ஷ்வேடகோன். கிட்டத்தட்ட 99 மீட்டர் உயரம், உச்சியில் வைரங்கள், உள்ளே புத்தரின் எட்டுக் கேசங்கள் என்று வழிகாட்டி தொடங்குவார். அவர் முடிக்கட்டும். அப்புறம் கீழே பாருங்கள். ஸ்தூபியைச் சுற்றி எட்டுத் திசையிலும் ஒரு சிறு புத்தர், ஒரு விலங்கு, ஒரு தண்ணீர்த் தொட்டி. பிறந்த கிழமைக்கு ஒரு திசை. திங்களுக்குக் கிழக்கு, புலி. வியாழனுக்கு மேற்கு, எலி. சனிக்குத் தென்மேற்கு, நாகம். கிழமை ஏழு, திசை எட்டு, என்ன செய்வது? புதன்கிழமையை இரண்டாக வெட்டிவிட்டார்கள். காலையில் பிறந்தவருக்குத் தந்தமுள்ள யானை, மதியத்துக்கு மேல் பிறந்தவருக்குத் தந்தமில்லாத யானை, கிரகம் ராகு. நவக்கிரகத்தைச் சுற்றிப் பழகிய நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. சின்னக் குவளையால் மொண்டு புத்தர் தலையில் ஊற்றுகிறார்கள், பலர் வயதுக்கு ஒரு குவளை என்று எண்ணி. நான் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டி பாதியில் கணக்கை விட்டுவிட்டு, பேத்தியிடம் கேட்டு, அவளும் தெரியாது என்று சிரிக்க, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். பின்னால் வரிசை நின்றது. யாரும் முணுமுணுக்கவில்லை.

கிளம்பும் முன் உங்கள் இருவருக்கும் பிறந்த கிழமை என்ன என்று ஜாதகத்தில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கணவர் புதன் என்றால் நேரமும் வேண்டும்! வழிகாட்டியிடம் அவருடைய கிழமையைக் கேளுங்கள். வருஷம் ஒப்பிப்பதை நிறுத்திவிட்டு மனிதர் பேச ஆரம்பிப்பார். பெயரின் முதலெழுத்தைக் கிழமை பார்த்து வைப்பார்கள் என்பதால் தன் பெயரிலிருந்து தொடங்குவார். அடுத்து, சிறுவனாக இருந்தபோது இளவரசன் மாதிரி ஜரிகை உடுத்தி ஊர்வலம் போய், தலை மழித்துச் சாமணேரராக, அதாவது இளம் பிக்குவாக, மடத்தில் இருந்த நாட்களைக் கேளுங்கள். பௌத்தக் குடும்பத்து ஆண்பிள்ளைக்குப் பெரும்பாலும் அந்தக் கதை இருக்கும். மதியத்துக்கு மேல் சாப்பாடு இல்லாமல் பசியோடு படுத்ததைச் சொல்லாதவர் குறைவு. இதெல்லாம் தனியாகச் சுற்றுபவருக்குக் கிடைக்காது. வழிகாட்டியோடு போவதைக் குறைவாக நினைக்காதீர்கள்.

பகானில் எல்லோரும் ஆனந்தா கோயிலுக்குக் கூட்டிப்போவார்கள். போகத்தான் வேண்டும். தெற்கே நிற்கும் புத்தரைக் கிட்டே நின்றும், பிறகு பின்வாங்கி வாசல்வரை வந்தும் பாருங்கள், முகம் மாறும். ஆனால் நீங்கள் வற்புறுத்திக் கேட்க வேண்டியது, கொஞ்சம் தெற்கே மியின்கபா கிராமத்தில் உள்ள மனுஹா கோயில். தெற்கே தாட்டோன் என்ற ஊரிலிருந்து சிறைபிடித்து வரப்பட்ட, மோன் இனத்து அரசன் மனுஹா கட்டியது என்பார்கள். உள்ளே பெரிய பெரிய புத்தர்கள், சுவரோ தோளை உரசுகிறது. சுற்றி வரக் கூட இடம் போதாது. பின்பக்கம் படுத்திருக்கும் புத்தருக்கும் அதே கதி. சிறையில் இருந்தவன் தன் மூச்சுமுட்டலையே கோயிலாக்கிவிட்டான் என்று ஊரார் சொல்கிறார்கள். உண்மையோ இல்லையோ, அந்த இடுக்கில் நின்றால் நம்பத் தோன்றும்.

அதே வட்டாரத்தில்தான் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. முகுந்தமாலைச் சுலோகத்தில் தொடங்கும். மலைமண்டலத்து, அதாவது கேரளத்து, மகோதயர் பட்டினத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி, புக்கத்தில், அதாவது பகானில், நானாதேசி (பல தேசத்து வணிகர்) விண்ணகர் ஆழ்வார் கோயிலுக்கு மண்டபமும் கதவும் விளக்கும் கொடுத்ததைச் சொல்கிறது. பௌத்த மன்னர்களின் தலைநகரில் வணிகர்களுக்கென்று ஒரு பெருமாள் கோயில்! பழைய கோட்டைக்குள் நாட்லாங் சவுங் என்று ஒரு விஷ்ணு கோயில் இன்றும் நிற்கிறது. வழிகாட்டி தாண்டிப் போனால் நிறுத்துங்கள்.

கிராமப்புறம் என்று திட்டத்தில் இருப்பது அநேகமாகப் பகானிலிருந்து போப்பா மலைக்குப் போகும் சாலையாக இருக்கும். வழியெங்கும் பனை. பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி உருட்டுவதையும், மாடு சுற்றும் செக்கில் கடலை எண்ணெய் ஆட்டுவதையும் காட்டுவார்கள். பயணிகளுக்காக நடத்துவதுதான் பாதி, இருந்தாலும் பொய்யில்லை. போப்பா, நாட் எனப்படும் பர்மிய நாட்டார் தெய்வங்களின் இடம். 777 படி, குரங்குத் தொல்லை உண்டு. முழங்கால் வலி இருந்தால் கீழிருந்தே பாருங்கள்.

ஒன்றே ஒன்றை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். மண்டலேயை ஒட்டிய அமரபுராவில் பிக்குகள் வரிசையாகச் சாப்பிடப் போவதைப் படம்பிடிக்கக் கூட்டிப்போகும் வழக்கம் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஆயிரம் பேர் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுவது எனக்குக் கூசியது.

மண்டலேயின் மகாமுனி புத்தர் கோயில் வளாகமும் நிலநடுக்கத்தில் சேதமடைந்தது. அங்கே போக முடிந்தால் ஒரு வருத்தம் உங்களுக்குக் காத்திருக்கிறது. சிலையில் தங்கத்தாள் ஒட்ட ஆண்களுக்கு மட்டுமே அனுமதி. பெண்கள் தள்ளி உட்கார வேண்டும். ஒட்டி ஒட்டி உடம்பெல்லாம் புடைத்துப்போய், தினமும் விடியலில் கழுவித் துடைக்கும் முகம் மட்டும் வழவழப்பாக இருக்கும். கணவரிடம் தங்கத்தாளைக் கொடுத்தனுப்புங்கள், பகோடா அலுத்துவிட்டது என்றவருக்கு ஒரு வேலை இருக்கட்டும்.

சாப்பாடு பற்றி: மொஹிங்கா என்ற நூடுல்ஸ் மீன் குழம்பில் செய்வது, உங்களுக்கு ஆகாது. ஊறவைத்த தேயிலையில் செய்யும் லபெத் தோக் சாலட்டைக் காய்ந்த இறால் போடாமல் கேட்டால் கலந்து தருவார்கள். இன்லே பக்கம் ஷான் டோஃபு கிடைக்கும், கடலைமாவில் செய்வது, தாராளமாகச் சாப்பிடலாம். காய்கறிப் பதார்த்தத்திலும் ஙப்பி என்ற மீன் விழுதைச் சேர்ப்பார்கள், வழிகாட்டியை முதல் நாளே சொல்லி வைக்கச் சொல்லுங்கள். காலில் சாக்ஸ்கூட இல்லாமல்தான் பகோடாவுக்குள் விடுவார்கள். பளிங்குத் தரை வெயிலில் கொதிக்கும் என்பதால் ஷ்வேடகோனைக் காலை ஏழு மணிக்கோ சாயங்காலமோ வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.