இரண்டு பெக்டரி ஒன்றானால் லாபம் எங்கிருந்து வரும்?

பண்டாரவளை வாசகர்: எங்கள் தேயிலை பெக்டரியும் பக்கத்து பெக்டரியும் பாதிக் கொழுந்தில்தான் ஓடுகின்றன. சேர்ந்தால் ‘சினெர்ஜி’ வரும் என்கிறார்கள். அப்படியென்றால்?

தனித்தனியே சம்பாதிப்பதைக் கூட்டினால் வருவதைவிட, சேர்ந்தபின் எவ்வளவு கூடுதலாகக் கிடைக்கிறதோ அதுதான் சினெர்ஜி. உங்கள் விஷயத்தில் அது கண்ணுக்கே தெரிகிறது. கொழுந்து பாதிதான் வந்தாலும் வாடவைக்கும் காற்றாடி சுற்ற வேண்டும், அடுப்பு எரிய வேண்டும், தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கருக்கு முழுச் சம்பளம். இரண்டு கொழுந்தையும் ஒரே இடத்தில் அரைத்தால் இதில் ஒரு பங்கு மிச்சம்.

ஆனால் லொறியை மறந்துவிடாதீர்கள். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்து வேண்டும். அதைச் சாக்கில் அமுக்கி வளைவுப் பாதையில் ஏற்றிப் போனால் சூடேறிக் கன்றிவிடும். கொழும்பு ஏலத்தில் விலை இறங்கும். மூடப்போகும் பெக்டரியின் மார்க்குக்கு, அதாவது அதன் தேயிலை விற்கப்படும் பெயருக்கு, ஏலத்தில் நல்ல மதிப்பு இருந்தால் அதுவும் போகும். விறகில் மிச்சம் பிடித்ததை ஏலத்தில் விட்டவர்களும் உண்டு. எந்த பில் குறையும், எந்த பில் கூடும் என்று இரண்டு பக்கமும் எழுதிப் பாருங்கள். ‘வியாபாரம் பெருகும்’ என்பதை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். செலவு குறைவது நம் கையில், வாங்குபவர் மனது நம் கையில் இல்லை.

ஹட்டன் பேக்கரிக்காரர்: வாங்கப்போகும் கடைக்கு 65 இலட்சம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

உங்கள் கடை 80 இலட்சம், அந்தக் கடை 50 இலட்சம் பெறும், சேர்ந்தால் 145 என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் சினெர்ஜி 15 இலட்சம். 65 கொடுத்தால் அந்தப் பதினைந்தும் விற்பவர் பைக்குப் போகிறது. இரவு பகலாக மாரடிப்பது நீங்கள்! போர்டு மாற்ற, ஆள் மாற்ற ஆகும் செலவு வேறு. நானாக இருந்தால் 55-ஐத் தாண்ட மாட்டேன்.

நுவரெலியா மாணவி: பெரிய நிறுவனங்களில் உதாரணம் சொல்வீர்களா?

2024-இல் எயார்டெல் லங்காவை இன்னொரு தொலைபேசி நிறுவனமான டயலொக் வாங்கியது. இரண்டு வலையமைப்பு ஒன்றானால் ஒரே இடத்துக்கு இரட்டைச் செலவு தேவையில்லை. எனக்குப் பிடித்தது வேறு: விற்ற இந்திய நிறுவனமான பாரதி எயார்டெல் விலையைக் காசாக வாங்கவில்லை, டயலொக்கின் 10.355 சதவீதப் பங்குகளாக வாங்கியது. எதிர்பார்த்த மிச்சம் வராவிட்டால் விற்றவருக்கும் வலிக்கும். பேக்கரிக்காரரும் இதைக் கவனிக்கலாம்.

கசந்துபோனதற்கு உதாரணம் கார் நிறுவனங்களான டைம்லரும் கிறைஸ்லரும். 1998-இல் சேர்ந்தார்கள், ஜெர்மன்காரர் வேலைமுறையும் அமெரிக்கர் வேலைமுறையும் ஒட்டவேயில்லை. 2007-இல் பிரிந்தார்கள்.

தலவாக்கலை தொழிலாளி: கம்பெனி கைமாறினால் என் சேவைக்காலம் என்னாகும்?

பங்குகளை மட்டும் வாங்கினால் கம்பெனி அதேதான், சேவை தொடரும். கட்டடத்தையும் இயந்திரத்தையும் மட்டும் வாங்குகிறார்கள் என்றால் முதலாளியே வேறு. பழைய வருடங்களை ஏற்கிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள். பணிக்கொடைக்கு ஐந்து வருடச் சேவை வேண்டும். நாலரை வருடத்தில் நிற்பவர்கள் கையெழுத்துப் போடும் முன் சங்கத்தில் காட்டுங்கள்.