கட்டுமானக் கேள்வி-பதில்: பேஸ்மென்ட்டை எப்போது உடைப்பது?

கேள்வி: சிங்கப்பூரின் காலாங் வட்டாரத்தில் 1984இல் கட்டிய ஆறு மாடி அலுவலகக் கட்டடம். கீழே இரண்டு பேஸ்மென்ட், மொத்தம் 7 மீட்டர் ஆழம். அதை இடித்துவிட்டு இன்னும் ஆழமான பேஸ்மென்ட்டோடு வணிகக் கட்டடம் எழுப்பப்போகிறோம். "அடிமண் வரை சுத்தமாக உடைத்தெடுத்து, பைலிங் (நிலத்துக்குள் அடித்தளத் தூண் இறக்கும்) குத்தகையாளரிடம் காலி மனையாகக் கொடுத்துவிடலாம்" என்கிறார் மேலாளர். சரிவருமா?

பதில்: தரைமட்டம் வரை சரி. அதற்குக் கீழே அப்படிக் கை வைத்தால் இரண்டு வகையில் வம்பு.

ஒன்று, பக்கச் சுவர். பேஸ்மென்ட்டின் தளங்கள் கார் நிறுத்த மட்டும் இல்லை. வெளியே இருக்கும் மண்ணும் நீரும் சுவரை உள்ளே தள்ளாமல் முட்டுக்கொடுத்து நிற்பவையும் அவைதான். தளத்தை உடைத்தால் சுவர் உள்நோக்கிச் சாயும், பக்கத்துச் சாலை அமுங்கும். காலாங்கின் கடற்களிமண்ணில் இது இன்னும் மோசம்.

இரண்டாவது பலருக்கும் தோன்றாது: பேஸ்மென்ட் மிதக்கும். நிலத்தடி நீர் 1.5 மீட்டரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 7 மீட்டரில் ராஃப்டின் (கட்டடம் முழுவதும் உட்காரும் அடித்தளப் பலகையின்) அடியில் 5.5 மீட்டர் நீரழுத்தம், அதாவது சதுர மீட்டருக்கு 5.5 டன் மேல்நோக்கித் தள்ளும். ஒரு மீட்டர் தடிமனான ராஃப்டின் எடையோ ஏறத்தாழ 2.5 டன்தான். மீதி 3 டன்னை இத்தனை வருடமாக அமுக்கி வைத்திருந்தது நீங்கள் இடிக்கப்போகும் ஆறு மாடி! பழைய பைல்கள் இழுவிசைக்கும் வடிவமைக்கப்பட்டிருந்தால் தப்பிக்கலாம். மூல வரைபடத்தைத் தேடி எடுத்து, உங்கள் பொறியாளரிடம் இந்தக் கணக்கை முதலில் கேளுங்கள்.

ஆகவே பேஸ்மென்ட் தளங்களை அப்படியே விட்டுவிட்டு, மேல்மாடிகளின் கான்கிரீட்டைக் கம்பி நீக்கி, நொறுக்கி, உள்ளே அடுக்கடுக்காக நிரப்பிக் கெட்டிப்படுத்துங்கள். எடையும் கிடைக்கும், பைலிங் இயந்திரம் நிற்க மேடையும் கிடைக்கும், லாரி நடையும் குறையும். மரம், ஜிப்சம் பலகை எதுவும் அதில் கலக்கக்கூடாது. மட்கினாலோ கரைந்தாலோ மேடை இறங்கும், இயந்திரம் சாயும். புதிய தடுப்புச் சுவர் வந்தபிறகு, தோண்டிக்கொண்டே போகையில் புதிய முட்டு ஏற ஏறப் பழைய தளத்தை உடைக்கலாம். பைல் விழும் இடங்களில் ராஃப்டைக் கேசிங் ரொட்டேட்டரால் (பல் வைத்த எஃகுக் குழாயைச் சுழற்றி அறுக்கும் இயந்திரம்) துளைக்க வேண்டியிருக்கும். சாதாரண ஆகரின் (திருகுத் துளைப்பானின்) பல் அதில் நிற்காது. இந்தச் செலவை டெண்டரிலேயே தனி வரியாகப் போடாவிட்டால் பின்னால் சண்டைதான்.

6 மீட்டரைத் தாண்டும் அகழ்வு என்பதால் மண்ணியல் சிறப்புப் பொறியாளரும், சார்பற்ற சரிபார்ப்பாளரும் வேண்டும். 20 ஏப்ரல் 2004 அன்று நிக்கல் நெடுஞ்சாலையில் சுமார் 30 மீட்டர் ஆழத்தை எட்டியிருந்த அகழ்வு சரிந்து நால்வர் இறந்தபோது, முதலில் விட்டுக்கொடுத்தது முட்டுக்கும் சுவரோடு ஓடும் குறுக்குவிட்டத்துக்கும் இடையிலான இணைப்புதான். முட்டு வந்துவிட்டது என்று மட்டும் பார்க்காமல் அதன் முனையையும் பாருங்கள்.

மேல்மாடிகளில் கவனிக்க வேண்டியது இடிபாட்டுக் குவியல். அலுவலகத் தளம் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 250, 300 கிலோவுக்கு வடிவமைத்தது. ஒரு மீட்டர் உயரக் குவியலோ 1,500 கிலோ. மினி எக்ஸ்கவேட்டரின் எடை வேறு. கீழே எத்தனை மாடிக்கு முட்டு, குவியல் எத்தனை சென்டிமீட்டர் வரை என்பதைப் பொறியாளர் எழுத்தில் தர வேண்டும். அந்த உயரத்தில் தூணில் சிவப்புக் கோடு போட்டுவிட்டால் ஓட்டுநருக்கும் தெரியும். லிஃப்ட் குழி வழியாகக் கொட்டினால் அடியில் அன்றன்றே அள்ளவேண்டும், அடைத்துக்கொண்டால் குழியின் சுவர் வெளியே பிதுங்கும்.

கட்டடம் 1991க்கு முந்தியது, அதனால் இடிக்கும்முன் ஆஸ்பெஸ்டாஸ் ஆய்வு கட்டாயம். இருந்தால், அகற்றத் தொடங்குவதற்குக் குறைந்தது 7 நாள் முன் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். கூரைப் பலகை, குழாய் உறை, பழைய வினைல் ஓடு மூன்றையும் விடாதீர்கள்.

கேள்வி: கேபிள் கண்டறிபவர் வந்து பெயிண்ட் அடித்துவிட்டுப் போய்விட்டார். எக்ஸ்கவேட்டரை இறக்கலாமா?

பதில்: கூடாது. அந்தக் கோடு கேபிள் போகும் திசையைத்தான் சொல்கிறது, ஆழத்தை நம்ப முடியாது. மின்னோட்டமில்லாத கேபிள் கருவியில் சிக்காமல் போகலாம், பிளாஸ்டிக் எரிவாயுக் குழாய் சிக்கவே சிக்காது. கோட்டுக்குக் குறுக்கே, மண்வெட்டியால் கையாலேயே சோதனைக் குழி தோண்டி கேபிளைக் கண்ணால் பாருங்கள். கடப்பாரை வேண்டாம். மண்ணின் நிறம் மாறி மணல் வந்தாலோ, கான்கிரீட் பலகை தட்டுப்பட்டாலோ கேபிள் அடுத்த சாணில் இருக்கிறது என்று அர்த்தம். வரைபடத்தில் மூன்று கேபிள், குழியில் இரண்டு என்றால் மூன்றாவதைத் தேடும்வரை இயந்திரம் நிற்கட்டும்.

கேள்வி: மழைக்குப்பின் குழியில் தேங்கிய நீரை நேராகக் கால்வாயில் இறைக்கலாமா? ஞாயிற்றுக்கிழமை ஆள் போட்டு முடித்துவிடப் பார்க்கிறோம்.

பதில்: தேநீர் நிறத்தில் இருந்தால் இறைக்காதீர்கள். கால்வாய்க்கு விடும் நீரில் மிதக்கும் மண் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. நம் களிமண் நாள்கணக்கில் தெளியாது, சுத்திகரிப்புத் தொட்டி வழியாகத்தான் விடவேண்டும். அருகில் 150 மீட்டருக்குள் வீடுகள் இருந்தால் சனி இரவு 10 மணியிலிருந்து திங்கள் காலை 10 வரை வேலையே கிடையாது. வெள்ளிக்கிழமையே தொட்டியைக் காலி செய்து வையுங்கள், வார இறுதி மழைக்கு இடம் வேண்டும்.