கப்பலேறிப் போன பூட்டனைத் தேடுவது: கேள்வி பதில்

கரும்புத் தோட்டத்துக்கும் தேயிலை மலைக்கும் ரப்பர் காட்டுக்கும் போன நம் குடும்பங்களின் வேரைத் தேடுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். முதலில் என் குடும்பத்துக்காகத்தான் இந்தத் தேடலில் இறங்கினேன். பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் தேடிக் கொடுப்பதே வேலையாகிவிட்டது.

அக்கா, எங்கள் அப்பாயி "தாது வருஷத்துல எங்க பாட்டன் நேட்டாலுக்குக் கப்பல் ஏறிட்டாரு" என்று சொல்லும். இப்போது தென்னாப்பிரிக்காவில் நேட்டால் பகுதியிலுள்ள டர்பனிலிருந்து ஒருவர் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி எழுதியிருக்கிறார். உறவுதானா என்று எப்படிப் பார்ப்பது?

தமிழ் வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். தாது என்றால் 1876-77 அல்லது 1936-37. நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றுவது 1911-லேயே நின்றுவிட்டது. ஆகவே உங்கள் அப்பாயி சொல்வது 1876. பெரும் பஞ்சம் தொடங்கிய ஆண்டு அது. ஆனால் ஜனங்கள் பேச்சில் அந்தப் பஞ்சத்துக்கே "தாது வருஷம்" என்று பேர் விழுந்துவிட்டதால், 1878 வரைக்கும் இடம் விட்டுத் தேடுங்கள்.

சென்னையிலிருந்து போன முதல் கப்பலான 'ட்ரூரோ' 1860 நவம்பர் 16-இல் டர்பனை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை இந்தியாவிலிருந்து மொத்தம் 1,52,184 பேர் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. டர்பன்காரரிடம் முதலில் அந்த எண்ணைக் கேளுங்கள். பேர் ஆயிரம் பேருக்கு இருக்கும், எண் ஒருவருக்குத்தான். எண் கிடைத்தால் கப்பல் பட்டியலில் ஒரு வரி கிடைக்கும்: பேர், தகப்பன் பேர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் தழும்போ மச்சமோ இருந்தால் அதுவும். அந்தத் தகப்பன் பேரை உங்கள் வீட்டுப் பேர்களோடு வைத்துப் பாருங்கள். பாட்டன் பேரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் நமக்கு உண்டு. அதனால் பேர் பொருந்துவது மட்டும் போதாது, எந்தத் தலைமுறையில் பொருந்துகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. பட்டியலில் 'வட ஆற்காடு' என்று இருந்தால் வேலூர்ப் பக்கம் மட்டும் தேடி நின்றுவிடாதீர்கள். 1911-இல்தான் சித்தூர் தனி ஜில்லா ஆனது. அன்றைய வட ஆற்காட்டுக் கிராமம் இன்று ஆந்திராவில் இருக்கலாம்.

மொரீஷியஸில் எங்கள் குடும்பப் பேர் 'வீராப்பென்'. அது தமிழா? ஆவணத்தில் 'மலபார்' என்று வேறு போட்டிருக்கிறது. நாங்கள் கேரளத்தவரா?

பேர் வீரப்பன். காதில் விழுந்ததைப் பிரெஞ்சு வாடையோடு எழுதியிருக்கிறார்கள். கப்பல் ஏறியவரின் பேரோ அவர் தகப்பன் பேரோ அப்படியே உறைந்து குடும்பப் பேர் ஆகியிருக்கும். நமக்குக் குடும்பப் பேர் என்ற வழக்கமே கிடையாதே! ஆகவே எழுத்தைப் பார்த்துத் தேடாமல், வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து ஒலியைத் தேடுங்கள்.

'மலபார்' என்று அந்தத் தீவில் தமிழரையும் சேர்த்து இந்தியரைப் பொதுவாகவே சொன்னார்கள். அந்த ஒரு சொல்லை நம்பி மலையாள நாட்டுக்குப் போய்த் தேடியவர்களை நான் அறிவேன். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேற்றப் பதிவேடுகள் இருக்கின்றன. சிலருக்குப் புகைப்படமே கிடைக்கிறது. பூட்டன் முகத்தை முதல்முறை பார்க்கும் வீட்டில் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். தாத்தா கங்காணி மூலம் வந்தவர். எந்தப் பட்டியலிலும் பேர் இல்லை.

பட்டியலில் தேடிக் களைக்காதீர்கள் தம்பி. மலாயாவில் ஒப்பந்த முறை 1910-இல் ஒழிந்தது. அதன்பின் 1938 வரை பெரும்பாலும் கங்காணிகள்தான், அதாவது தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரிகள்தான், ஆள் கொண்டுவந்தார்கள். கங்காணி பெரும்பாலும் சொந்த ஊரிலும் சொந்தக்காரர்களிடமும்தான் ஆள் பிடிப்பார். அதுதான் உங்களுக்குத் துப்பு. தாத்தாவோடு அதே லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) இருந்த குடும்பங்களைக் கேளுங்கள். அவர்களில் ஒருவருக்கு ஊர் தெரிந்தாலும் உங்கள் ஊர் அதைச் சுற்றித்தான்.

அடுத்து, வீட்டில் பழைய மொய் நோட்டு இருக்கிறதா? நான் பார்த்த ஒரு நோட்டில் பக்கமெல்லாம் கறையான் தின்றது போக மிஞ்சியது பாதிதான். அந்தப் பாதியிலும் ஊர், பேர், தகப்பன் பேர், தொகை என்று வரிசையாக எழுதியிருந்தது. தாய்மாமன் மொய் தனியாக முதல் வரியில். ஒரு கல்யாண நோட்டு ஒரு காலத்துச் சொந்தபந்தம் முழுவதையும் பிடித்து வைத்திருக்கிறது.

குலதெய்வம் பேரும் உதவும். மதுரைவீரன், அங்காளம்மன் என்று எல்லா ஊரிலும் உள்ள சாமியானால் பயன் குறைவு. ஊர்ப் பேரோடு ஒட்டிய சாமியானால் நேரே அந்தக் கோயிலுக்குப் போங்கள். தலைக்கட்டு வரி வாங்கும் பங்காளியின் நோட்டில் எல்லாக் கிளையும் இருக்கும்.

நாங்கள் சாஸ்திரி ஒப்பந்தத்தில் கண்டியிலிருந்து வந்து கூடலூரில் இருக்கிறோம். என்ன தாளைத் தேடுவது?

இந்தியாவும் இலங்கையும் 1964-இல் செய்த அந்த ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக இருந்தது. அதில் நீங்களும் ஒரு குடும்பம். வந்தபோது கொடுத்த குடும்ப அட்டை, கடவுச்சீட்டு இரண்டையும் முதலில் படம் எடுத்து வையுங்கள். பிறகு அப்பாவின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழைப் பாருங்கள். பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பேர், பிறந்த வருடம், இடம் எழுத அதில் இடம் உண்டு. காலியாக இருந்தால் அவர் தமிழ்நாட்டில் பிறந்திருக்கலாம். அதுவும் ஒரு செய்திதான்.

பெண்கள் பேரே எங்கும் இல்லையே அக்கா?

பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அண்ணன் தம்பிகள் பேர்தான் இருக்கும். தமிழ்நாட்டில் மகளுக்குப் பூர்விகச் சொத்தில் சம பங்கு என்பது 1989-இல்தான் வந்தது. ஆனால் பங்கை விட்டுக்கொடுத்து எழுதிய விடுதலைப் பத்திரம் இருந்தால் விடாதீர்கள். அக்கா தங்கைகள் இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்று எழுதிக் கைநாட்டு வைத்திருப்பார்கள்.

மரபணுச் சோதனை செய்தேன். ஒருவர் 'நெருங்கிய உறவு' என்று வருகிறார். யாரென்றே தெரியவில்லை.

மாமன் மகள், அத்தை மகன் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்கொண்ட குடும்பங்களில் பொது மரபணு கூடுதலாக இருக்கும். சோதனை காட்டுவதைவிட உறவு தள்ளியே இருக்கும். ஒன்றிரண்டு தலைமுறை கூட்டித் தேடுங்கள்.

இணையத்தில் ஒருவர் எங்கள் வம்சம் என்று 14 தலைமுறை போட்டிருக்கிறார். அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். ஒவ்வொரு பேருக்கும் ஆதாரம் கேளுங்கள். நானும் ஒருகாலத்தில் அப்படி எடுத்த ஒரு பேரை வைத்து மூன்று வருஷம் வேறொரு குடும்பத்தின் கிளையைத் தேடிக்கொண்டிருந்தேன். தகப்பன் பேர் ஒன்றேதான், தாலுகாதான் வேறு. அந்த மூன்று வருஷத்தில் என் கேள்விக்குப் பதில் தெரிந்த இரண்டு பெரியவர்கள் காலமாகிவிட்டார்கள்.

எங்கள் ஆத்தாவுக்கு 88 வயது. நினைவு தப்புகிறது. என்ன கேட்பது?

இந்த வாரமே போங்கள். "உன் தாத்தா யாரு?" என்று கேட்டால் பதில் வராது. "உனக்குக் காது குத்தும்போது யாரு மடியில உக்கார வச்சது? உங்க அய்யாவுக்கு யாரு கொள்ளி வச்சது? சீர் எந்த ஊர்ல இருந்து வந்துச்சு?" என்று கேளுங்கள். மடியில் வைத்தவர் தாய்மாமன், கொள்ளி வைத்தவர் மகனோ பங்காளியோ. காரியத்தைக் கேட்டால் உறவு தானே வந்து விழும்.

உறவுமுறைச் சொல்லை அப்படியே எழுதிக்கொள்ளவும் கூடாது. 'அத்தை' என்றால் அப்பாவின் அக்கா தங்கையா, மாமன் பெண்டாட்டியா, மாமியாரா? 'பெரியம்மா' அம்மாவோடு பிறந்தவரா, பெரியப்பாவுக்கு வாக்கப்பட்டவரா? அதே மூச்சில் கேட்டுவிடுங்கள். முரணாகச் சொன்னால் திருத்தாதீர்கள். இரண்டையும் தேதி போட்டு எழுதி வையுங்கள். குரலையும் பதிந்துகொள்ளுங்கள்.

பேர்கள் வராமல் திணறினால் தாலாட்டுப் பாடச் சொல்லுங்கள். பேச்சு மறந்தவர்களுக்கும் பாட்டு வரும். எங்கள் பெரியாத்தா அப்படிப் பாடியபோதுதான், அதுவரை யாருமே சொல்லாத ஒரு மாமன் பேரும் அவர் ஊரும் எங்களுக்குக் கிடைத்தன.