தைக்காத தசையும் நறநறக்கும் பெருவிரலும்

உங்கள் மகன் கனடாவிலிருந்து அனுப்பும் இணையக் கட்டுரைகளை ஒரு பக்கம் வையுங்கள், அம்மா. கிணற்றடியில் வழுக்கி விழுந்து முறிந்த மணிக்கட்டுக்கு ஏழு மாதங்களுக்கு முன் அறுவைச் சிகிச்சை செய்து உலோகத் தகடு வைத்தார்கள். விலக்கிய தசையைத் தைக்கவில்லை என்று கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கிறது. கை ஆயுளுக்கும் பலவீனமாகிவிடுமா என்று கடிதத்தில் மூன்று தடவை கேட்டிருக்கிறீர்கள். ஆகாது.

தைக்காமல் விட்டது, முன்கையின் இரண்டு எலும்புகளான ஆரையையும் அரந்தியையும் மணிக்கட்டுக்குச் சற்று மேலே குறுக்காக இணைக்கும் சதுரமான சிறு தசை. உள்ளங்கைப் பக்கமாகத் தகடு வைப்பதற்கு அதை எலும்பிலிருந்து உரித்து விலக்குவதே வழமை. பல வேளைகளில் முறிந்த எலும்பின் முனையே அதை முன்கூட்டிக் கிழித்திருக்கும். நைந்த துணியைத் தைப்பதுபோல, போட்ட நூல் அதில் நிற்காது. தைத்தவர்களையும் தைக்காதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், ஒரு வருட முடிவில் பிடியின் வலுவிலோ கையைத் திருப்புவதிலோ சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. உள்ளங்கையைக் கவிழ்க்க முழங்கைக்குக் கீழே இன்னொரு தசையும் இருக்கிறது. தகட்டுக்கும், அதன்மேல் ஓடி விரல்களை இழுத்து மடக்கும் கயிறு போன்ற தசைநாண்களுக்கும் நடுவே ஒரு திரை கிடைக்கட்டும் என்றுதான் முடிந்தபோது நாங்கள் தைக்கிறோம். அந்தத் திரை தசைநாணைக் காப்பாற்றும் என்பதற்கும் உறுதியான சான்றில்லை.

தகடு துருப்பிடிக்காது. மழை நாளில் உளைவதும் தழும்பைச் சுற்றிச் சற்று மரத்திருப்பதும் பயப்பட வேண்டியவை அல்ல. விமானத்திலும் தாராளமாகப் போகலாம்.

ஆனால் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இடியப்பம் பிழியும்போதும் திறப்பைத் திருப்பும்போதும் பெருவிரல் பக்கமாக மணிக்கட்டுக்குள் நறநறவென்று உரசுகிறது, ஒரு மாதமாக வலியும் இருக்கிறது என்று. அம்மா, முதல் வரியில் எழுதியிருக்க வேண்டியது இது!

பெருவிரல் நுனியை மடக்கும் தசைநாண் தகட்டின் விளிம்பை ஒட்டியே ஓடுகிறது. தகடு உள்ளங்கைப் பக்கமாகச் சற்று அதிகம் இறங்கியிருந்தாலோ விளிம்பு எலும்பிலிருந்து எழும்பி நின்றாலோ, துலாக் கயிறு தேய்வதுபோல அது நாளாந்தம் தேயும். சில மாதங்களிலும் அறலாம், சில வருடங்கள் கழித்தும் அறலாம். அறுவதற்கு முன் கண்டுபிடித்தால், எலும்பு பொருந்தியிருக்கிறதா என்று பார்த்துத் தகட்டைக் கழற்றிவிடலாம். அறுந்த பிறகு இரு நுனிகளையும் இழுத்துத் தைப்பது பெரும்பாலும் முடியாது. வேறு விரலிலிருந்தோ வேறிடத்திலிருந்தோ தசைநாண் எடுத்துப் பொருத்த வேண்டிவரும்.

இப்போதே செய்து பாருங்கள்: பெருவிரலின் கீழ்க்கணுவை மற்றக் கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்குங்கள். இரண்டு கைகளையும் ஒப்பிடுங்கள். மடங்கவே இல்லையென்றால் நாளைக்கே போங்கள். மடங்கினாலும் இந்த வாரமே போகவேண்டும். இரண்டு மாதம் கழித்து வரும் கிளினிக் திகதிக்காகக் காத்திருக்க வேண்டாம். பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரேயில் தகடு எங்கே நிற்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பாமசியில் நீங்களாக வாங்கிப் போடும் டைக்ளோபெனக் வலிமாத்திரையை நிறுத்துங்கள். அது வலியை மறைக்குமே தவிர, உரசலை நிறுத்தாது. வயிற்றையும் சிறுநீரகத்தையும் சேர்த்துக் கெடுக்கும். முறிவு நெரிவு வைத்தியரிடம் போய்ப் புக்கை கட்டி உருவிவிடுவதும் வேண்டாம். மற்ற விரல்களை வழக்கம்போல அசையுங்கள். இடியப்ப உரலை மட்டும், மருத்துவர் பார்க்கும்வரை, வீட்டில் வேறு யாராவது பிழியட்டும்.