எழுதினால் காசு வருமா? கிரிப்டோ பற்றி இரண்டு கேள்விகள்

கேள்வி: ஐயா, எனக்குச் சொந்த ஊர் பள்ளத்தூர், காரைக்குடியில் எம்.காம். படிக்கிறேன். பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்கள் பற்றிய இணையக் குழுக்களில் எழுதினால் பணம் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, ஒரே நாளில் நாற்பது பதிவுகள் போட்டேன். மறுநாளே என் கணக்கை முடக்கிவிட்டார்கள். இப்போது டெலிகிராமில் ஒருவர், 3,000 ரூபாய் கட்டினால் பதிவு எழுதும் வேலை தருவதாகச் சொல்கிறார். "சும்மா எழுதுவதற்கு எவன் காசு கொடுப்பான்?" என்று அப்பத்தா திட்டுகிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். கூலி வாங்க வேண்டியவரிடமே முன்பணம் கேட்பவரிடம் வேலை எதுவும் இருக்காது. முதலில் நூறு, இருநூறு அனுப்பி நம்ப வைப்பார்கள். அடுத்துப் பெரிய தொகை கேட்பார்கள். கடைசியில் உங்கள் பணத்தை நீங்கள் எடுப்பதற்கே 'வரி' கட்டச் சொல்வார்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் இன்றே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

அப்பத்தா கேட்டது சரியான கேள்வி. எவன் கொடுக்கிறான், எதற்காகக் கொடுக்கிறான்? பிட்காயினை உருவாக்கிய சதோஷி நகமோட்டோ 2009-இல் தொடங்கிவைத்த பிட்காயின்டாக் என்ற விவாதத் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே விளம்பரத்துக்கு ஒப்புக்கொண்ட உறுப்பினரின் ஒவ்வொரு பதிவுக்கும் கீழே, அவருடைய கையொப்பத்துக்கான இடத்தில், ஒரு நிறுவனத்தின் விளம்பரம் இருக்கும். அந்த நிறுவனத்தார் பதிவுகளை எண்ணி, தரம் பார்த்து, பெரும்பாலும் வாரக் கணக்கில் கிரிப்டோவாகவே கூலி தருவார்கள். பதிவை ஆட்கள் படித்தால்தானே விளம்பரம் கண்ணில் படும்? யாரும் படிக்காமல் தாண்டிப்போகும் எழுத்துக்கு அவர்கள் ஏன் கொடுக்க வேண்டும்? காசுக்காகக் குப்பை குவிந்ததால்தான் 2018 ஜனவரியில் அங்கே 'மெரிட்' முறை வந்தது. உங்கள் பதிவு பயனுள்ளது என்று மற்ற உறுப்பினர்கள் புள்ளி கொடுத்தால்தான் மேல்நிலைக்குப் போக முடியும். அடுத்தவர் எழுத்தை நகலெடுத்தால் நிரந்தரத் தடை.

நம் செட்டிநாட்டுப் பக்கத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த காலத்தில், எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் அடுத்தாளாகி, மேலாளாக உயர வருடங்கள் பிடிக்கும். ஆளின் நடத்தையைப் பார்த்த பிறகுதான் கடையை நம்பி ஒப்படைப்பார்கள். இங்கும் முதலில் பெயர், பிறகுதான் பணம்.

சரி, எதை எழுதுவது? 'அருமையான திட்டம், விலை எகிறப்போகிறது' என்பது வெற்றுப் பதிவு. ஒருவர் பிட்காயின் அனுப்பி மூன்று மணி நேரமாகியும் போய்ச் சேரவில்லை என்று பதறுகிறார் என்று வையுங்கள். பரிவர்த்தனை எண்ணை, அதன் நிலையைக் காட்டும் 'பிளாக் எக்ஸ்ப்ளோரர்' இணையதளத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பரிவர்த்தனைகளைத் தொகுத்துப் பதியும் 'பிளாக்' சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒன்றுதான் உருவாகிறது. கூடுதல் கட்டணம் வைத்தவர்களுடையது முதலில் ஏறும், குறைத்து வைத்தவருடையது காத்துக்கிடக்கும். நாணயத்தை அனுப்பும் செயலியான வாலட்டில் வசதி இருந்தால் கட்டணத்தைக் கூட்டிப் பார்க்கலாம் என்று விளக்குங்கள். கூடவே, உதவுவதாகத் தனிச் செய்தியில் வந்து வாலட்டைத் திறக்கும் சாவியான 12 அல்லது 24 மீட்புச் சொற்களைக் கேட்பவரிடம் ஒரு சொல்கூடக் கொடுக்காதீர்கள் என்றும் எச்சரியுங்கள். பதறியவர் உங்கள் பெயரை மறக்க மாட்டார். நீங்கள் எம்.காம். மாணவி, கணக்கும் வரியும் தெரிந்தவர். தெரிந்ததை எழுதுங்கள்; ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு போதும்.

பணம் வாங்கிக்கொண்டு ஒரு நாணயத்தைப் புகழ்ந்தால், அது விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பரிந்துரைப்பவர் மீதும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. உங்கள் பேச்சைக் கேட்டு ஒரு குடும்பம் சேமிப்பைப் போட்டு இழக்கலாம். எனக்குச் சட்டத்தைவிட அதுதான் பெரிது.

இதை நம்பிப் படிப்பை விட்டுவிடாதீர்கள். ரெடிட் தளத்தின் கிரிப்டோ குழுவில், நல்ல பதிவுகளுக்கு 'மூன்ஸ்' என்ற நாணயம் கொடுத்துவந்தார்கள். 2023 அக்டோபரில் அந்தத் திட்டத்தை நிறுத்தப்போவதாக நிறுவனம் அறிவித்ததும் அதன் விலை சரிந்துபோனது.

கேள்வி: இப்படிக் கிடைக்கும் கிரிப்டோவுக்கு வரி உண்டா? முன்பின் தெரியாத ஆளிடம் நேரடியாக விற்றால் கூடுதல் விலை கிடைக்கிறதே, விற்கலாமா? (காரைக்குடி வாசகர்)

பதில்: உண்டு. உழைப்புக்குக் கூலியாக வந்தால், கைக்கு வந்த நாளின் ரூபாய் மதிப்பு உங்கள் வருமானம். பிறகு விற்கும்போது லாபம் இருந்தால் அதற்கு 30 சதவீத வரி, அந்த வரித் தொகையின் மேல் 4 சதவீத செஸ். இது 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. ஒரு நாணயத்தின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. அதனால் வந்த தேதி, அளவு, அன்றைய விலை மூன்றையும் அன்றன்றே குறித்துவையுங்கள்.

தெரியாத ஆளிடம் விற்காதீர்கள். அவர் அனுப்பும் ரூபாய் வேறு யாரிடமோ ஏமாற்றிப் பறித்ததாக இருந்தால், பறிகொடுத்தவர் புகார் கொடுத்ததும் உங்கள் வங்கிக் கணக்கு முடங்கும். கூடுதலாகக் கிடைத்த சில ரூபாய்க்காக மாதக்கணக்கில் அலைய நேரிடும். மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்த எக்ஸ்சேஞ்ச் (கிரிப்டோவை வாங்க, விற்க உதவும் நிறுவனம்) வழியாக மட்டும் மாற்றுங்கள். ஏற்கெனவே முடங்கிவிட்டதென்றால், எந்தக் காவல் நிலையத்தின் உத்தரவு என்பதை வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்கி, விற்றதற்கான ரசீதையும் உரையாடல் பதிவையும் எடுத்துக்கொண்டு அந்த நிலையத்தை அணுகுங்கள்.