கூடாரமும் வட்டைக் காவலும்

வணக்கம் அண்ணா,

நான் களுவாஞ்சிகுடியில் இருக்கிறேன், அலுவலக வேலை. கணவர் ஆசிரியர். மண்டூர்ப் பக்கம் அவருக்கு அரை ஏக்கர் வளவு இருக்கிறது, மாமி மட்டும் அங்கே இருக்கிறார். கைபேசியில் வீடியோக்கள் பார்த்து எங்களுக்கும் ஆசை வந்துவிட்டது. போன ஆடியில் காளான் வைத்தோம், பைகள் எல்லாம் காய்ந்துபோயின. தேனீப் பெட்டி வைத்தோம், ஒரு நாள் காலையில் பார்த்தால் பெட்டி வெறுமை. இவர் தூண்டில் வாங்கினார், அது சுவரோடு சாத்திக் கிடக்கிறது. இப்போது ஒரு கூடாரம் வாங்கியிருக்கிறோம். காட்டோரமாக ஏதாவது குளக்கரையில் போய்த் தங்க விருப்பம். மாமி கூடாரத்தைப் பார்த்துவிட்டு, "நாங்க கூடாரத்துல கிடந்தது காணாதா? நீங்க காசு குடுத்துக் கிடக்கப் போறீங்களா?" என்றார். கதிர்காமத்துக்குப் பலமுறை நடந்தவர் அவர், காட்டுக்குப் பயந்த ஆளில்லை. அதனால்தான் அந்தப் பேச்சு மனதைக் குடைகிறது. எதையும் தொடங்கிவிட்டுப் பாதியில் விடுகிறவர்களாகிவிட்டோமா? இனி எதில் தொடங்குவது, எங்கே போவது?

சி., களுவாஞ்சிகுடி

அன்புள்ள சி.,

காளான் காய்ந்ததற்கும் தேனீ போனதற்கும் உங்கள் பொறுமையைக் குறை சொல்ல மாட்டேன். காலம் தப்பித் தொடங்கியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஆடி மாதம் நம் பக்கம் கச்சான் என்கிற வறண்ட காற்று அடிக்கும். சிப்பிக்காளானுக்கு வேண்டியது ஈரக்காற்று. கச்சானில் சாக்கை நனைத்துச் சுற்றிவரக் கட்டினாலும் மத்தியானத்துக்குள் மொறுமொறுத்துவிடும். நீங்கள் பார்த்த வீடியோக்கள் வேறு மழை பெய்யும் ஊர்களில் எடுத்தவை. நமக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கித் தை வரைக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. காளானை அந்த மாரியில் வையுங்கள். கூடாரத்தைக் கோடையில் எடுங்கள். வருசத்தை இப்படி இரண்டாகப் பிரித்துக்கொண்டாலே பாதி ஏமாற்றம் குறைந்துவிடும்.

தேனீ விசயம் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டியது. நம் நாட்டில் பெட்டியில் வளர்ப்பது நாட்டுத் தேனீ. பூக் குறைந்தால், எறும்பு ஏறினால், மெழுகுப் பூச்சி அடையை அரிக்கத் தொடங்கினால், கூட்டம் முழுவதும் எழும்பி வேறிடம் போய்விடும். காட்டில் அது பிழைத்துவந்த வழியே அதுதான். ஆகவே பெட்டியின் நாலு கால்களையும் தண்ணீர் ஊற்றிய டின்களுக்குள் நிறுத்துங்கள், எறும்பு ஏறாது. அடிப்பலகையில் சேரும் மெழுகுத் தூளை அடிக்கடி சுரண்டித் துடையுங்கள், பூச்சி முட்டையிடுவது அங்கேதான். பூவில்லாத நாட்களில் சீனிப்பாகு வைக்கவேண்டும். முக்கியமாக, இன்னொரு கூட்டத்தைக் காசு கொடுத்து வாங்க அவசரப்படாதீர்கள். பழைய மண்முட்டி ஒன்றை எடுத்து, உட்புறம் தேன்மெழுகைத் தேய்த்து, வாயைப் பலகையால் மூடி, விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை மட்டும் விட்டு, நிழலான கிளையில் கட்டித் தொங்கவிடுங்கள். அலைகிற கூட்டம் ஒன்று தானாக வந்து குடியேறினால், அந்த வளவில் அதற்குத் தீனி இருக்கிறது என்று அர்த்தம். அதைப் பெட்டிக்கு மாற்றப் பழகியவர் ஒருவர் பக்கத்தில் நிற்பது நல்லது. பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவயில் விவசாயத் திணைக்களத்தின் தேனீப் பிரிவு இருக்கிறது. அவ்வளவு தூரம் போகமுடியாவிட்டால் உங்கள் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேட்டுப் பாருங்கள்.

தூண்டிலைப் பற்றிக் கவலை வேண்டாம். கணவரை ஒரு விடியற்காலையில் வீச்சுவலைக்காரர் யாருடனாவது தோணியில் அனுப்புங்கள். மட்டக்களப்பு வாவியில் எங்கே ஆழம், எங்கே முதலை படுக்கும், கடலுக்கு முகத்துவாரம் வெட்டினால் மீன் எந்தப் பக்கம் போகும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். தூண்டில் அதற்குப் பிறகு தானாக வேலை செய்யும்.

சரி, கூடாரத்துக்கு வருவோம். காட்டோரக் குளக்கரையில் நீங்கள் இருவரும் தனியே போய்த் தங்குவதை நான் வேண்டாம் என்றே சொல்வேன். கோடையில் குளம் வற்ற வற்ற, விட்ட தரையில் பச்சைப் புல் முளைக்கும். பொழுதுபட்டால் யானை இறங்குவது அந்தப் புல்லுக்குத்தான். படத்தில் அழகாகத் தெரிகிற சமதரை அதன் சாப்பாட்டு இடம். கூடாரத்துக்குள் அரிசியோ உப்போ வாழைப்பழமோ இருந்தால் வாசம் பிடித்துக் கிட்ட வரும். வெல்லாவெளிப் பக்கம் யானையால் ஆளைப் பறிகொடுத்த வீடுகளை உங்கள் மாமிக்குத் தெரிந்திருக்கும்.

ஆனால் நம் ஊரில் வெளியில் இரவு தங்குவது ஒன்றும் புதிதாக வந்த பழக்கம் இல்லை. பெரும்போக நெல் கதிர் முற்றுகிற தை, மாசியில் எங்காவது வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, போய்ப் பாருங்கள். வரம்போரம் பரண், அதன் கீழே புகைந்துகொண்டே இருக்கும் ஒரு கட்டை, பக்கத்தில் டோர்ச்சும் யானை வெடியும். காவலுக்கு இருப்பவர் சுவாலை எழவிட மாட்டார். எழுந்தால் கண் கூசி இருட்டில் எதுவும் தெரியாது. கட்டையை நுனியில் மட்டும் கனியவிட்டு, காற்று மாறும்போதெல்லாம் காலால் திருப்பிவிடுவார். நுளம்பும் போகும், கண்ணும் பழகும். நடுச்சாமத்தில் நித்திரை வராமலிருக்க இந்தப் பரணில் ஒருவர் கவி எடுத்தால் அடுத்த பரணிலிருந்து பதில் வரும். அவருக்கு இது பொழுதுபோக்கில்லை, ஆறு மாதச் சாப்பாடு. அதனால்தான் அவரிடம் கற்கவேண்டும் என்கிறேன். உறவில் வயல் செய்கிறவர் யாராவது இருப்பார்கள். ஒரு இரவு காவலுக்கு வரட்டுமா என்று கேளுங்கள். விருந்தாளியாகப் போகாமல் முறை மாறி விழித்திருக்கத் தயாராகப் போங்கள்.

மாமி சொன்னதற்கு இனி வருகிறேன். 2007இன் தொடக்கத்தில், போர் நடந்தபோது, வாவிக்கு மேற்கே படுவான்கரைச் சனம் செல்லடிக்குப் பயந்து வாவியைக் கடந்து கடற்கரைப் பக்கமான எழுவான்கரைக்கு ஓடிவந்தது. உங்கள் களுவாஞ்சிகுடிப் பக்கமும் கூடாரங்கள் நின்றன. அதற்குச் சற்று முன்தான் 2004 சுனாமி. மாமியின் வயதுக்காரர் என்றால் 1978 சூறாவளியில் கூரை போனதும் நினைவிருக்கும். வெயிலில் வெந்து மழையில் ஒழுகுகிற துணிக்குள் பிள்ளைகளை வைத்திருந்த ஒருவருக்கு, காசு கொடுத்து வாங்கிய கூடாரத்தைப் பார்த்தால் நெஞ்சில் என்ன வரும்? அவர் கேட்டது நியாயமான கேள்வி. "இது வேற மாமி, இது ஜாலிக்கு" என்று விளக்கப் போகவேண்டாம். விளக்கத்தால் ஆறுகிற விசயமில்லை அது.

அவரிடம் கேளுங்கள். அந்த நாட்களில் ஈர விறகை எப்படி மூட்டினார், குழந்தைக்கு வெந்நீர் எதில் வைத்தார், இரவில் மழை வந்தால் தண்ணீர் உள்ளே வராமல் என்ன செய்தார் என்று கேளுங்கள். தென்னம் பன்னாடையும் காய்ந்த பாளையும் இருந்தால் மண்ணெண்ணெய் இல்லாமலே நெருப்பு எடுப்பார் என்று எழுதியே தருவேன். கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டி, வெட்டிய மண்ணை உள்பக்கமாக அணைப்பது அவருக்கு யாரும் படிப்பித்துத் தெரிந்ததில்லை. சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள். சொன்னால், எந்த வீடியோவிலும் இல்லாத பாடம் உங்களுக்குக் கிடைக்கும். அவர் பட்டது வீணில்லை, பிள்ளைகளுக்கு உதவுகிறது என்ற எண்ணம் அவருக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கலாம். நான் இதை மனதார நம்புகிறேன்.

முதல் இரவு ஆகவே மண்டூர் வளவிலேயே இருக்கட்டும். சனிக்கிழமை குருமண்வெளியில் வாவியைக் கடக்கும் மிதவைப் பாதையில் ஏறிப் போங்கள். கூடாரத்தை வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் அடியுங்கள். வெறும் தரையில் பாய் விரித்துப் படுக்க மட்டும் வேண்டாம். கட்டுவிரியன் இரவில்தான் திரியும், தரையில் நித்திரை கொள்பவரைக் கடிக்கும். கடித்தது பெரும்பாலும் வலிக்காது. விடியும்போது வயிற்றுவலி வந்து கண் இமை சோர்ந்தால்தான் தெரியும். அடித்தரை சேர்த்துத் தைத்த கூடாரமென்றால் சிப்பை முழுக்க மூடுங்கள். இல்லையென்றால் நுளம்பு வலையின் ஓரத்தைப் பாயின் கீழ் செருகுங்கள். சந்தேகம் வந்தால் கட்டுப்போடாமல், கீறாமல், நேரே ஆஸ்பத்திரிக்கு.

வளவில் பழகியபின் குமணவுக்கோ கல்லோயாவுக்கோ போகலாம். தேசியப் பூங்காக்களுக்குள் தங்குவதற்கென்று ஒதுக்கிய இடங்கள் உண்டு, வனசீவராசிகள் திணைக்களத்தில் முன்கூட்டியே பதியவேண்டும். கல்லோயாவிலுள்ள சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்தில் யானைகள் தீவுக்குத் தீவு நீந்துவதைப் படகிலிருந்து பார்ப்பது, குளக்கரையில் அதன் வழியில் படுத்துக் கிடப்பதைவிட எவ்வளவோ மேல். இன்னொன்று: மட்டக்களப்பு மாவட்டத்தைக் கண்ணிவெடி நீங்கியதாக 2017இல் அறிவித்தார்கள். இருந்தாலும் குடும்பிமலைப் பக்கமோ வேறு காட்டிலோ மண்ணில் புதைந்த இரும்பு எதையும் கையால் தொடாதீர்கள்.

இவ்வளவுக்கும் மேலாக நான் சொல்ல விரும்புவது கதிர்காமப் பாத யாத்திரையை. பக்தி ஒருபுறம் இருக்க, கிழக்கு மாகாணத்துச் சனத்துக்குக் காட்டில் தங்கப் படிப்பித்த பள்ளிக்கூடம் அது. உகந்தை முருகன் கோவிலில் இருந்து புறப்பட்டால் குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று காட்டு வழி. கிழவிகள் தலையில் பொதியோடு முன்னால் நடப்பார்கள். ஆறு வற்றிக் கிடந்தால் மணலில் கையால் ஊற்றுத் தோண்டுவார்கள். முதலில் ஊறுவது கலங்கல். அதை இறைத்துக் கொட்டிவிட்டுப் பேசாமல் இருக்கவேண்டும். இரண்டாவது ஊறல் கொஞ்சம் தெளியும். மூன்றாவதைச் சிரட்டையால், அடி மணல் கிளம்பாமல், மேலோடு அள்ளுவார்கள். அவசரக்காரர் அடிவரை முக்கிக் கலக்கிவிட்டால் பின்னால் நிற்கும் எல்லாரும் காத்திருக்கவேண்டும், ஏச்சும் விழும். எதைச் சுமப்பது, எதை விடுவது என்பதையும் இரண்டாம் நாளே தோள் சொல்லித் தந்துவிடும்.

உங்கள் வீட்டிலேயே இந்த வழியைப் பலமுறை நடந்தவர் இருக்கிறார். அடுத்த யாத்திரைக்கு நீங்கள் இருவரும் அவரோடு போங்கள். கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டித்தான் காட்டுப் பாதையைத் திறப்பார்கள், திகதியை முன்னரே அறிவிப்பார்கள். லீவுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். பொதியை மாமி கட்டட்டும், அவர் வெளியே எடுத்து வைப்பதைத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள். மாரி முடிந்து முருங்கை பூக்கும்போது மண்முட்டியில் தேனீ வந்து குடியேறியதா என்றும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்