308-இல் காலையில் இரண்டாம் கியர் விழாதது பற்றி

வணக்கம். 1981 ஃபெராரி 308 ஜிடிஎஸ்ஐ, காலையில் இரண்டாம் கியர் விழாமல் கரகரக்கிறது, கால் மணி நேரம் ஓடினால் சரியாகிவிடுகிறது என்கிறீர்கள். கியர்பாக்ஸைக் கழற்றச் சொன்ன மெக்கானிக்கைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்து ஃபெராரிகளின் சுபாவமே இது. கியர்பாக்ஸ் ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது சின்க்ரோ வளையத்தால் கியரின் வேகத்தைச் சமன்படுத்த முடிவதில்லை. ஆயில் சூடாகும்வரை முதல் கியரிலிருந்து நேராக மூன்றாவதுக்குப் போய்விடுங்கள். பழைய ஓனர்கள் பலரும் செய்வதுதான். லீவரை அழுத்தித் திணிக்க மட்டும் வேண்டாம், வளையம் தேய்வது அப்படித்தான்.

சூடான பிறகும் உரசினால் கதை வேறு. அப்போதும் முதலில் கிளட்ச்சைப் பாருங்கள். ஐடிலில் கிளட்ச்சை முழுக்க மிதித்து, நாலைந்து விநாடி விட்டு ரிவர்ஸ் போடுங்கள். 'கர்ர்' என்றால் கிளட்ச் முழுசாக விடவில்லை. இந்த வண்டியில் அது கேபிளில் இயங்குவது. கேபிளைச் சரியாக இழுத்து வைத்தாலே பல நேரம் தொல்லை தீர்ந்துவிடும்.

அப்புறம், கியர்பாக்ஸ் ஆயில் மாற்றுவதானால் 75டபிள்யூ-90 தரத்துச் சிந்தெடிக் கியர் ஆயில் போட்டுப் பார்க்கலாம். இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலும் அதே ஆயிலில்தான் குளிக்கிறது. அது லிமிடெட் ஸ்லிப் வகை (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்துவது) என்பதால் அதற்கும் ஒத்துவருமா என்று டப்பாவில் படித்துவிட்டு வாங்குங்கள்.